எட்டுச் சொத்தையா, இரண்டு சொத்தையா?

கேள்வி இதுதான்: "ஒரு பல் கூசுகிறது என்று கிளினிக்குக்குப் போனேன். எட்டுப் பல்லில் சொத்தை, உடனே அடைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். சந்தேகம் வந்து இன்னொரு மருத்துவரிடம் காட்டினால் இரண்டுதான் என்கிறார். இருவரில் யார் பொய் சொல்கிறார்? பல் மருத்துவத்தில் நேர்மையாக இருக்கவே முடியாதா?"

ஈரோடு பக்கம் ஒரு சிற்றூரில் இருபது வருடத்துக்கு மேலாகப் பல் பார்த்து வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருவருமே பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம். தொழில்காரி தொழில்காரரை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், விட்டுக்கொடுக்கவும் போகிறேன்.

பல்லை எச்சில் ஈரத்தோடு பார்த்தால் சுத்தமாக இருக்கும். காற்றடித்து ஐந்து நொடி காயவிட்டுப் பார்த்தால், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெண்புள்ளி எழும்பி வரும். அந்த இடத்தில் எனாமலின் தாது கரைந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுந்திருக்கின்றன. துளைக்குள் தண்ணீர் இருக்கும்வரை வெளிச்சம் பெரிதாகச் சிதறாது. தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் சிதறி, வெள்ளையாகத் தெரிகிறது. இது சொத்தையா என்றால், ஆமாம், சொத்தையின் தொடக்கம். அடைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஃபுளோரைடு பூசி, இனிப்பு தின்னும் வேளையைக் குறைத்து, ஒழுங்காகத் துலக்கினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சொத்தை எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்க ஐசிடிஏஎஸ் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறோம். 0 முதல் 6 வரை. 1, 2 இப்படிப்பட்ட புள்ளிகள். 5, 6 என்றால் குழி உங்களுக்கே கண்ணாடியில் தெரியும். நடுவில் இருக்கும் 3, 4 பக்கம்தான் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும்.

நான் படித்த காலத்தில் எக்ஸ்ப்ளோரர் என்ற கொக்கி முனைக் கருவியைக் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அழுத்துவோம். மாட்டிக்கொண்டு இழுத்தால் சொத்தை என்று எழுதுவோம். இப்போது அப்படி அழுத்தவே கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். மேல்தோல் மட்டும் முழுசாக நிற்கிற பலவீனமான எனாமலை நாமே குத்தி உடைத்துவிட முடியும் என்பதுதான் காரணம். ஆக, பழைய பாடத்தில் நின்றுவிட்டவருக்கு எட்டு. புதிய பாடம் படித்தவருக்கு இரண்டு. இதில் களவு எதுவும் இல்லை, ஆனாலும் உங்கள் பல் போய்விடும்.

ஏன் போய்விடும் என்கிறேன் என்றால், பொறுத்திருந்து பார்த்த பல்லை ஆறு மாதம் கழித்தும் அடைத்துக்கொள்ளலாம். அடைத்த பல்லை மறுபடி அடைக்காத பல்லாக்க முடியாது. எந்த அடைப்பும் ஆயுளுக்கும் நிற்காது. ஒருநாள் ஓரம் விடும், அதை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக அடைப்போம், அது வேரின் நரம்பு வரை போகும், ரூட் கனால், அப்புறம் கேப், கேப்புக்கு அடியில் உடைந்தால் பிடுங்கல். இருபது வயதில் தேவையில்லாமல் ஒரு பள்ளத்தைத் தோண்டினால் ஐம்பது வயதில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்கள் பட்டியலில் எட்டு என்ற எண்ணைப் பார்த்து நான் கோபப்படவில்லை. "உடனே" என்று எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் கேட்க வேண்டும். எட்டில் எத்தனை உடனே?

இனி விட்டுக்கொடுக்கிற பகுதி. 1997இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்காக ஒரு அமெரிக்க நிருபர் அதே வாயோடு ஐம்பது பல் மருத்துவர்களிடம் போனார். 500 டாலருக்கும் கீழே சொன்னவரும் உண்டு, ஏறக்குறைய 30,000 டாலர் கேட்டவரும் உண்டு. கருத்து வேறுபாட்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அறுபது மடங்கு வித்தியாசத்தைப் பள்ளத்தின் நிறத்தை வைத்து விளக்க முடியாது.

எங்கள் தொழிலின் அமைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. பொதுவாக வேறு நோய்க்குப் போனால் பார்ப்பவர் ஒருவர், மருந்து விற்பவர் ஒருவர், அறுவை செய்பவர் இன்னொருவர். இங்கே நோய் இருக்கிறது என்று சொல்பவரும், அதற்கு விலை சொல்பவரும், செய்து காசு வாங்குபவரும் ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரே பத்து நிமிடம். நோயாளியால் தன் வாயைத் தானே பார்க்க முடியாது. நாற்காலிக்கு இ.எம்.ஐ., எக்ஸ்ரே கருவிக்கு இ.எம்.ஐ., கடை வாடகை, இரண்டு உதவியாளர் சம்பளம். நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே தெருவில் மூன்று போர்டு தொங்குகிறது. சங்கிலிக் கிளினிக்குகளில் மாத டார்கெட் வேறு. புதிதாக பி.டி.எஸ். முடித்த பிள்ளை ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "மேடம், நான் கிளீனிங் மட்டும் போதும்னு அனுப்பினா, சாயந்தரம் மேனேஜர் கூப்பிட்டு ஏன் கன்வெர்ட் ஆகலைன்னு கேக்கறாருங்க." கன்வெர்ட் என்றால், வந்தவரைப் பெரிய சிகிச்சைக்குச் சம்மதிக்க வைப்பது. அந்த மேனேஜர் பல் மருத்துவர் கிடையாது. நோயாளிக்குப் பல் மருத்துவத்தில் இதைவிடப் பெரிய அபாயம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்தின் கீழ் 2014இல் திருத்திய நெறிமுறை விதிகள், நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்குவதைத் தடுக்கின்றன. 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையத்துக்கான சட்டமும் வந்தது. ஆனாலும் ஸ்கேன் சென்டரிலிருந்து தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு ஒரு கவர் வந்தது. ஸ்வீட்டை எடுத்துக்கொண்டு கவரைத் திருப்பி அனுப்பினேன். ஸ்வீட்டை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஆனால் நேர்மை என்றதும் எல்லோருக்கும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தவை பெரும்பாலும் வேறு.

2004. பி.டி.எஸ். முடித்து, வேறொரு ஊரில் ஒரு சீனியரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டீச்சருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கனால். வேர்க் கால்வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்ய, மெல்லிய ஊசி போன்ற ஃபைலை உள்ளே விட்டுத் திருகுவோம். முன்பக்க வேரில் கொஞ்சம் வளைவு. விரல் நுனியில் 'டிக்' என்று ஒரு சின்ன அதிர்வு. வெளியே எடுத்துப் பார்த்தால் ஃபைல் நுனி ஒரு மூன்று மில்லிமீட்டர் இல்லை. எக்ஸ்ரேயில் வேரின் அடிப்பாகத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. ஃபைல் உடைவது எந்தக் கைக்கும் நடக்கும். உடைந்த துண்டை எடுக்கப் போய் வேரைத் துளைத்துவிடுவதைவிட, உள்ளே கிருமி அதிகம் இல்லையென்றால் மேலே வரை அடைத்துவிட்டுக் கண்காணிப்பதே பல சமயம் சரியான வைத்தியம். ஆக, செய்ததில் தவறில்லை. சீனியர் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, "சொல்லிக் குழப்பாதே. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நான் திரும்பி வந்து, "முடிஞ்சுதுங்க டீச்சர், ரெண்டு நாள் அந்தப் பக்கம் கடிக்காதீங்க" என்றேன்.

நான்கு வருடம் கழித்து என் சொந்தக் கிளினிக்கைத் தேடிக்கொண்டு வந்தார். பல் வீங்கி, வேறொருவரிடம் காட்டியிருக்கிறார். எக்ஸ்ரேயை மேசையில் வைத்து, வெள்ளைக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "அன்னைக்கே உங்களுக்கு இது தெரியுமா?" தெரியும் என்றேன். எக்ஸ்ரேயைக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பிறகு வரவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது என் கையில் ஃபைல் உடைந்தால், நாற்காலியை நிமிர்த்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்கிறேன்: துண்டு எங்கே இருக்கிறது, எடுக்க முயன்றால் என்ன ஆகலாம், விட்டால் என்ன ஆகலாம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிலர் முகம் மாறுகிறது. இரண்டு பேர் பாதிக் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள், கொடுத்தேன். கையுறையைக் கழற்றுவது முக்கியம். கையுறை போட்டுக்கொண்டு சொன்னால் அடுத்த வேலைக்கு அவசரப்படுவதாகத்தான் அவர்களுக்குப் படுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறொருவர் செய்த வேலை மோசமாக இருந்தால்? உங்கள் இரண்டாவது மருத்துவர் முதல் மருத்துவரைப் பற்றி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. "யாருங்க இதைப் பண்ணுனது?" என்று முகத்தைச் சுளித்தால் போதும், நோயாளி நம் பக்கம் வந்துவிடுவார். இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது. அன்றைக்கு அந்த வாய் எவ்வளவு திறந்தது, பிள்ளை எப்படி அழுதது, எத்தனை முறை வரச் சொல்லியும் வராமல் போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதனால் எக்ஸ்ரேயில் இருப்பதைச் சொல்வேன், கையைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரிக் கோளாறோடு மூன்றாவது ஆள் வந்தால் அந்த மௌனம் மரியாதையா, உடந்தையா? ஒருமுறை அந்த மருத்துவருக்கே போன் செய்து பேசினேன். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் வேறு பந்திக்குப் போய்விடுகிறார்.

பிடுங்கச் சொல்லி வருகிறவர்கள் இன்னொரு கதை. விசைத்தறிக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், வேர் திடமாக இருக்கிறது, காப்பாற்றலாம். எங்கள் ஊர்க் கணக்குக்கு ரூட் கனாலும் கேப்பும் சேர்ந்து ஏழாயிரம், எட்டாயிரம் ஆகும், பிடுங்க ஐந்நூறு. "அதெல்லாம் வேண்டாமுங்கம்மா. புடுங்கி உட்டுருங்க. நாளைக்குத் தறிக்குப் போகோணும்." புத்தகம் சொல்வது, காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்காதே. அதே புத்தகம் இன்னொரு பக்கத்தில், வாய் அவருடையது, முடிவும் அவருடையது என்கிறது. பல்லைத் திறந்து சீழை வடியவிட்டு, வலியை நிறுத்தி, சென்னையில் 1953 முதல் இருப்பது போன்ற அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் செலவு குறையும் என்றேன். சிரித்தார். சென்னைக்கு நாலு தடவை போய்வர எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். என் யோசனையைவிட அவர் கணக்கு சரியாக இருந்தது. பிடுங்கினேன். பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்லாத்தான இருக்குதுங்க" என்றார்.

நல்ல பல்லை ராவச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக் கறை. பெண் பார்க்கும் நேரம் வந்ததும் அம்மா கூட்டிக்கொண்டு வருவார்: பத்து நாளில் முன்பல் ஆறுக்கும் கேப் போட்டுவிடுங்கள். கேப் போட வேண்டுமென்றால் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும், சில பல்லுக்கு நரம்பே செத்துவிடும். கறையைத் தேய்த்து எடுக்கவும், வெளுக்கவும், மேலே மெல்லிதாகப் பூசவும் வழிகள் இருக்கின்றன. முழுக்கப் பளிச்சென்று ஆகாது, நாளும் பிடிக்கும். அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பேன், உனக்கு என்ன வேண்டும் என்று. பாதிப் பேர் அம்மாவைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சம்மதம் என்பதே எங்கள் வேலையில் ஒரு வேடிக்கை. வாயைத் திறந்து வைத்திருப்பவர் பேச முடியாது, மரத்துப்போன நாக்கு வேறு. "பக்கத்துப் பல்லும் ஆடுது, சேத்து எடுத்துடறேன்" என்றால் "ஆ" என்று ஒரு சத்தம் வரும். அது சம்மதம் இல்லை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, உயிருக்கு ஆபத்து என்றாலொழிய. அது கர்ப்பப்பை அறுவை தொடர்பான வழக்கு. ஆடும் பல்லுக்கும் அதே நியாயம்தான்.

காப்பீட்டுக்காக வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலான மருத்துவக் காப்பீடு பல்லுக்குப் பணம் தராது, விபத்தில் உடைந்தால் தரும். "வண்டியில இருந்து விழுந்ததா எழுதிக் குடுங்க டாக்டரம்மா." பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதில் அர்த்தமில்லை. தனக்கு இருப்பதே தெரியாதவர் நேற்று அதே நாற்காலியில்தான் உட்கார்ந்து போனார். எல்லோரையும் ஒரே ஜாக்கிரதையோடு பார்ப்பதுதான் வழி. இங்கேதான் நோயாளி கண்ணுக்கே தெரியாத ஒரு திருட்டு நடக்க முடியும். கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைப்பதற்குக் கரண்டும் நேரமும் ஆகும். கூட்டமுள்ள நாளில் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் போனால் யாருக்குத் தெரியும்? திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023இல் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு பல் மருத்துவரும் படித்திருக்க வேண்டும். ஒரே பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று. எட்டுப் பேர் இறந்தார்கள். சலைன் பாட்டிலை அறுவைக் கருவியாலேயே திறந்து, சரியாக மூடாமல் வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு பாட்டில் சலைனின் விலை என்ன என்று மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை, என் மனசாட்சிக்காக. "மிட்டாயைச் சாப்பாட்டோடு சேத்துக் குடுத்துருங்க, நடுவுல நடுவுல குடுக்காதீங்க" என்று தாய்மார்களிடம் தினமும் சொல்கிறேன். இந்த அறிவு எங்கிருந்து வந்தது தெரியுமா? சுவீடனில் லுண்ட் நகரத்து வீபேஹோல்ம் மருத்துவமனையில், 1940களில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியை வேண்டுமென்றே தின்னக் கொடுத்துச் சொத்தை வரவழைத்துப் பார்த்தார்கள். சம்மதம் யாரும் கேட்கவில்லை. பல பேருடைய பல் போனது. கண்டுபிடிப்பு உண்மை, சர்க்கரை எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லும்போது சில நாள் தொண்டையில் ஏதோ நிற்கும்.

சரி, உங்கள் எட்டுக்கு வருகிறேன். பல்லுக்குப் பல் நடுவில் இருக்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. அதற்கு பைட்விங் என்று ஓர் எக்ஸ்ரே உண்டு, இரு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் படத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தயங்க வேண்டாம், உங்கள் வாய்தானே. அதை எடுத்துக்கொண்டு எட்டு சொன்னவரிடமே திரும்பப் போங்கள். சண்டைக்கு இல்லை. ஒவ்வொரு பல்லாகக் காட்டச் சொல்லி, "இதை இப்போ அடைக்காம ஆறு மாசம் விட்டா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கூசுகிற பல்லுக்கும் குழி விழுந்த பல்லுக்கும் அவர் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்க வேண்டும். எட்டுக்கும் ஒரே பதில் வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். "இந்த ரெண்டும் இப்போ, இந்த ஒண்ணு எனக்கே சந்தேகம், மீதியைப் பார்த்துக்கலாம்" என்று இறங்கி வந்தால், அவரிடமே செய்துகொள்ளலாம். நீங்கள் போய்வந்த இரண்டு பேரில் 'எனக்கே சந்தேகம்' என்று யாராவது சொன்னார்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன்.

கூசுகிற அந்த ஒரு பல்லை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரியில் தானாகவே வலிக்க ஆரம்பித்தால், இரண்டாவது கருத்துக்கு நேரம் இருக்காது.